எடை ஏறிய அப்பாவும் இளைத்துப்போன கையும்

மதுரகாளி துணை
வாலிகண்டபுரம்

அன்பு மகள் தேவயானிக்கு அம்மா எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அப்பா நீங்கலாக மற்றவர்கள் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உன் அண்ணன் பிள்ளைகளைச் சொல்கிறேன் கேள், பூவிழி அரியலூரில் நடந்த கபடியில் கோப்பை வாங்கினாள், கலைவாணன் கணக்கில் தொண்ணூற்றெட்டு, மீதி இரண்டை வாத்தியார்தான் வைத்துக்கொண்டார், சின்னவள் லாவண்யா பல் விழுந்ததற்கு அழவில்லை, அதையும் சேர்த்துக்கொள்.

அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதும் நான் காமாலைப் பத்தியம் போட்டேன் அல்லவா, பருப்பு இல்லை, முட்டை இல்லை, வெறும் கஞ்சி, அதுவும் பொழுது சாய்வதற்குள். மூன்று மாதத்தில் ஐந்து கிலோ ஏறிவிட்டார். என் கைப்பக்குவம் என்று தெரு முழுக்கச் சொன்னேன், எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் தன் வீட்டுக்காரருக்கு என்று அந்தப் பத்தியத்தை எழுதி வாங்கிப் போனாள். போன செவ்வாய்க்கிழமை பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்கிற பானுப்ரியா என்ற பெண், எடை பார்த்ததோடு விடவில்லை, தையல்காரர் டேப் மாதிரி ஒன்றை எடுத்து அப்பாவின் மேல்கையைச் சுற்றி அளந்தது. இவர், சட்டை தைக்கிறீங்களாம்மா, கை கொஞ்சம் லூசா இருக்கட்டும் என்றார். அது சிரிக்கவில்லை. பிறகு கைப்பலம் பார்க்கிற கருவி ஒன்றைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னது, இவர் பல்லைக் கடித்துப் பிடித்தும் முள் பதினாலு கிலோவைத் தாண்டவில்லை. கூட வந்த பூவிழி விளையாட்டாகப் பிடித்தாள், இருபத்தெட்டு. மெஷின் ரிப்பேருங்க என்றார் உன் அப்பா. அந்தப் பெண் என்னைப் பார்த்து, ஏறுனதெல்லாம் வயித்துல கோத்த தண்ணிங்கம்மா, ஒடம்பு கரைஞ்சுகிட்டு இருக்கு, இவரைப் பட்டினி போட்டது யாருங்க என்றது. தரையைத் தவிர எனக்குப் பார்க்க இடமில்லை. வந்ததும் முதல் வேலையாகப் பொன்னுத்தாயிடமிருந்து அந்தச் சீட்டை வாங்கிக் கிழித்தேன். நல்லவேளை, அந்தப் பத்தியத்துக்குப் பயந்தே அவள் வீட்டுக்காரர் திருமானூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஓடியிருந்தார்.

இப்போது உப்பு மட்டும் குறைவு, முட்டை, பருப்பு, மீன் எல்லாம் உண்டு, படுக்கும் முன் இன்னொரு தரம் கட்டாயம் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தன் சதையையே தின்னுமாம். அடுத்த மாதம் திரும்பக் கையை அளப்பார்கள், சதை பிடிக்காவிட்டால் திருச்சிக்கு அனுப்பிப் படுக்க வைப்பார்களாம். இவரோ, நீதானடி முட்டை வெஷம்னு சொன்ன என்று என் வார்த்தையை எனக்கே திருப்பிவிட்டுத் தட்டைத் தள்ளுகிறார். நான் சொல்வது இனி எடுபடாது, அவர் பயப்படுவது உனக்கு ஒருத்திக்குத்தான்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் இருவருக்கும் காளியம்மா நிறைந்த ஆயுசு கொடுக்கட்டும். மறக்காமல் உன் போட்டோ ஒன்று புதிதாக எடுத்து, பெரிதாகப் பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. செல்போனில் வேண்டாம், அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிடுவார். அவர் தட்டுக்கு நேரே சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். சிரிக்காமல், நன்றாக முறைத்தபடி எடு.

உன் அம்மா
அம்மாக்கண்ணு