‘கலியாணம் 2’ அணைக்க மறந்த கிழமை

9 பெப்ரவரி, ஞாயிறு

காலை 10.40. வெளியே மைனஸ் 14. படங்கள் 26.

மொன்றியலின் கார்ட்டியர்வில், அத்தானின் ஸ்டூடியோ. கடை பூட்டு. அத்தானும் அக்காவும் ஒரு கலியாணவீட்டைப் படமெடுக்க டொரண்டோ போய்விட்டார்கள். திறப்பு என்னிடம். “பேப்பர் உன்ரை எண்டால் பிரிண்ட் மெஷினைப் பாவி” என்று மட்டும் சொன்னார். யாருடைய படம் என்று கேட்கவில்லை. நானும் “ஒரு சிநேகிதிக்கு” என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

சிநேகிதி: நடேஜ். ஹெயிட்டிக் குடும்பம், பிறந்தது இங்கே. இரண்டு வருடமாக ஒரே வேலை, படமெடுப்பது. இந்த ஊர்க் கறுப்பினத்தவர்களில் ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநர்கள். அவரவர் வீட்டில், அவரவர் ஆளோடு. “அழுகிற படம் எடுக்க வேறை ஆக்கள் இருக்கினம்” என்பாள். (சொல்வது பிரெஞ்சில். இங்கே எல்லாம் என் தமிழ்.)

பிடித்தவை:

4: மொன்றியல் நோர்த், சமையலறை. இரண்டு பெண்கள், அறுபதுக்கு மேல். ஒருத்தி மற்றவளுக்குத் தலை பின்னுகிறாள். அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிறது. இருவருக்கும் கவலையில்லை.

11: டெஸ்மண்ட். திருநம்பி. சட்டை இல்லை. நெஞ்சில் ஒப்பரேஷன் தழும்பு இரண்டு. கையில் பூனை. வாய் நிறையச் சிரிப்பு.

17: நானும் மனுவும். சோபாவில், பெனியனோடு. அவன் கால் என் மடியில்.

மனு, முழுப்பெயர் இம்மானுவேல், கறுப்பினத்தவன், ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மூன்று வருடமாக லொங்குய்யில் ஒரே வீடு. அக்காவுக்குத் தெரிந்தவரை அவன் என் ரூம்மேட்.

நடேஜின் கண்காட்சி அடுத்த ஞாயிறு. மனு நேற்றும் சொன்னான்: “சுவர் சொல்ல முதல் நீ அக்காவுக்குச் சொல்லு.” சொல்கிறேன் என்றேன். எப்போது என்று தெரியாது. பதினான்கு வயதில் என்னை இங்கே கூப்பிட்டு, கர்க்லாண்டில் தன் வீட்டில் வைத்து வளர்த்தவள். அவள் கதவைச் சாத்தினால் எனக்குத் தாங்காது. அவ்வளவுதான் விஷயம்.

3 மணிக்கு எல்லாம் முடிந்தது. நல்ல பிரிண்ட். மிக நல்ல பிரிண்ட்.

11 பெப்ரவரி, செவ்வாய்

நாசம்.

வேலை முடிந்து படங்களை நடேஜிடம் கொண்டுபோனேன். செயின்ட் ஹென்றி, பழைய தொழிற்சாலையின் மூன்றாம் மாடி. ஹீட்டர் ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிறது. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிறகு 11ஐ எடுத்து மேசையில் போட்டாள்.

“தழும்பு எங்கை?”

குனிந்து பார்த்தேன். இல்லை. நெஞ்சு வழவழவென்று, குழந்தைப்பிள்ளையின் நெஞ்சு மாதிரி.

“கஜன், இந்தச் சட்டையைக் கழட்ட அவனுக்கு ஒரு வருஷம் எடுத்தது. நீ அதைத் துடைச்சுப்போட்டாய்.”

அடுத்தது 4. இரண்டு பெண்களும் வெளுத்துப்போய். “இவை ஆர்? எனக்கு இவையைத் தெரியாது.”

அடுத்தது 17. மனுவும் நானும் ஒரே நிறம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

நான் மை, பேப்பர், அறை வெளிச்சம் என்று விளக்கத் தொடங்கினேன்.

“வாயை மூடு” என்றாள். “சனிக்கிழமை படங்களை மாட்டவேணும். வெள்ளிக்குள்ளை திருப்பி அடிச்சுத் தா. இல்லாட்டி ஆணி மட்டும் இருக்கட்டும் சுவரிலை.”

மெட்ரோவில் வரும்போதுதான் காரணம் பிடிபட்டது. ‘கலியாணம் 2’.

12 பெப்ரவரி, புதன்

எழுதி வைக்கிறேன், இனி மறக்காமலிருக்க.

ஸ்டூடியோக் கொம்பியூட்டரில் ஃபோல்டர் இரண்டு. ஒன்றில் போட்டால் படம் நேரே மெஷினுக்கு. மற்றதில் போட்டால் ‘கலியாணம் 2’ வழியாக. அது அத்தானுக்காக நான் எழுதின புரோகிராம். கலியாணவீடு, பிள்ளை பெரியவளாகும் சாமத்தியவீடு அல்பங்களுக்கு. முகத்தைக் கண்டுபிடித்து வெளுக்கப் பண்ணும். பரு, மரு, தழும்பு எல்லாவற்றையும் துடைக்கும். சோடியாக நின்றால் இரண்டு பேரையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரும். மாப்பிள்ளை கறுப்பு, பொம்பிளை வெள்ளை என்று ஒரு சனமும் சொல்லக்கூடாது. அத்தான் கேட்டது அதுதான். நான் இரண்டு கிழமையில் எழுதிக் கொடுத்து, பெருமையும் பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கை பழக்கத்தில் அந்த ஃபோல்டருக்குள் போட்டுவிட்டது. அது கைப்பிழை. யாருக்கும் நடக்கும்.

ஆனால் 26 படத்தையும் கையில் எடுத்துப் பார்த்தேனே. நல்லாயிருக்கு என்று நினைத்தேனே. கலர் படித்தவன் நான். வெளுப்பு என்றால் சரி என்று கண் பழகிக் கிடக்கிறது. காலையில் எழும்பினவுடன் பார்க்கிற முகம் மனுவின் முகம். அதையே மாற்றிக் காட்டியபோதும் எனக்குப் பிழை தெரியவில்லை.

மனு 17ஐ வாங்கிப் பார்த்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. “உன்ரை அக்காவுக்குப் பிடிக்கிற மாதிரி ஆக்கியிருக்கிறாய்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

வேறு கடைகள் மூன்றுக்குப் போன் பண்ணினேன். இந்த அகலத்தில் அடிக்க இரண்டு கிழமை என்கிறார்கள். ஆகவே அத்தானின் மெஷின்தான். நாளைக்கே. பகலில். அத்தான் பக்கத்தில் நிற்க.



13 பெப்ரவரி, வியாழன்

ஸ்னோ கொட்டுகிறது. வேலைக்கு லீவு சொன்னேன். பஸ் முப்பது நிமிடம் பிந்தி. கடையில் அத்தான் தனிய, கையில் மட்டன் றோல்ஸ். சப்பாத்தைக் கழற்றாமலே சொல்லிவிட்டேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.

“அத்தான், ஞாயிற்றுக்கிழமை அடிச்சது பிழைச்சுப்போச்சு. இண்டைக்கு மெஷின் வேணும். நீங்கள் எப்பிடியும் பார்க்கத்தான் போறியள், அதாலை முதலே சொல்லுறன். பதினேழாவது படத்திலை நான் நிக்கிறன். பக்கத்திலை மனு. அவன் ரூம்மேட் இல்லை.”

“அப்ப?”

“என்ரை ஆள்.”

றோல்ஸ் பாதியில் நின்றது.

அதே நேரம் கதவு திறந்து ஒரு அம்மா, தலையெல்லாம் ஸ்னோ. மகளின் சாமத்தியவீட்டு அல்பம் பார்க்க. இந்தக் காலநிலையில்! “தம்பி, பிள்ளை கறுத்துப்போய் நிக்குது. கொஞ்சம் வெளிக்கப் பண்ணித் தாங்கோ. கனடாவிலை பிறந்த பிள்ளை எல்லே?” அத்தான் “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று பக்கம் பக்கமாகப் புரட்டினார். பத்து நிமிடம். நான் உருகின ஸ்னோவில் நின்றேன். ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் நிற்பது இப்படித்தான் இருக்கும்.

அந்த அம்மா போய்விட்டார்.

“எவ்வளவு காலம்?” என்றார் அத்தான்.

“மூண்டு வருஷம்.”

“அவன்ரை வீட்டிலை தெரியுமோ?”

“தெரியும்.”

“என்ன சொன்னவை?”

“சாப்பாடு போட்டவை.”

“ம்.” மீதி றோல்ஸை எடுத்துக் கடித்தார். அந்தக் கடியில் எனக்கு மூச்சு வந்தது.

“அக்காவுக்கு நீதான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன். ஆனா கெதியாய்ச் சொல்லு. உன்ரை அக்கான்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னாலை கனநேரம் பேசாமல் இருக்கேலாது.”

பிறகு வேலை. சரியான ஃபோல்டர். இரண்டு தரம் பார்த்து, மூன்றாம் தரமும் பார்த்து. 11 வெளியே வந்தது. இரண்டு தழும்பும் அப்படியே. அத்தான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தார்.

“முந்தினதுதான் வடிவாய்க் கிடக்கு.”

“அத்தான், அந்தத் தழும்புதான் படம்!”

“சரி சரி, கத்தாதை.”

அவருக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரி நடிக்கவுமில்லை. ஆனால் கடைசிவரை நின்று பேப்பர் மாட்டித் தந்தார். 17 வந்தபோது கண்ணாடியைப் போட்டு, தேவைக்கு மேலான நேரம் பார்த்தார்.

“இவன்தானே போன குளிர்காலம் எங்கட காரைச் சுத்திக் கிடந்த ஸ்னோவைத் தள்ளினவன்?”

“ஓம்.”

“நல்லாய்த் தள்ளினவன்.”

14 பெப்ரவரி, வெள்ளி

வெயில். கண் கூசுகிறது.

படங்களை எடுத்துக்கொண்டு போனால் டெஸ்மண்டும் அங்கே. நடேஜ் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். முதல் பிரிண்டில் நடந்ததை அவனுக்குச் சொல்லியும் இருக்கிறாள். நான் மன்னிப்புக் கேட்டேன். தமிழர் நாங்கள் கலியாணப் படத்தில் என்னென்ன செய்வோம் என்றும் சொன்னேன்.

“என்ரை அம்மா வெளுக்கிற கிறீம் பூசுறவ,” என்றான். “புதுசாய் ஒண்டுமில்லை.”

தன் படத்துக்கு முன்னால் போய் நின்றான். இடது தழும்பைக் காட்டி, “இது கொஞ்சம் கோணல். டொக்டர் அவசரக்காரன்.” சிரித்தான். படத்தில் இருக்கிற அதே சிரிப்பு. நடேஜ் 26 படத்தையும் ஜன்னலடியில் பிடித்துப் பார்த்தாள். பிறகு எனக்குக் கோப்பி ஊற்றினாள். அவளிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் மனுவுக்கு 17இன் சின்னப் பிரதி. இன்றைக்குக் காதலர் தினமாம், அதை அவன்தான் ஞாபகப்படுத்தினான். பார்த்தான். “ஆ, இது நான்.” பிறகு: “உனக்கு மூக்கு இவ்வளவு பெரிசே?”

அப்பாடா.

15 பெப்ரவரி, சனி

காலையில் படங்களை மாட்டினோம். நான் மட்டம் பார்த்தேன், மற்றவர்கள் ஆணி அடித்தார்கள். பின்னேரம் கர்க்லாண்ட்.

அக்கா கறிக்கு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் மேலே பிரெஞ்சில் சண்டை. அத்தான் என்னைக் கண்டதும் கராஜுக்குள் போய்விட்டார்.

சொன்னேன். மனுவைப் பற்றியும், நாளைய கண்காட்சியைப் பற்றியும். வெங்காயம் அரிந்த கத்தி நின்றது. நான் எதிர்பார்த்த எதையும் அவள் கேட்கவில்லை.

“அத்தானுக்குத் தெரியுமோ?”

“வியாழக்கிழமை சொன்னனான்.”

“அவருக்கு முதல் சொன்னனியோ? உன்னைக் கூப்பிட்டது அவரோ நானோ? மூண்டு நாளாய் ரெண்டு பேரும் சேர்ந்து என்னை விசரி ஆக்கியிருக்கிறியள்!” கராஜ் பக்கம் திரும்பி, “கேக்குதோ?” என்றாள்.

பிறகு குளியலறைக்குள் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம். திரும்பி வந்தபோது கண் சிவப்பு.

“வெங்காயம்” என்றாள். “அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. கேக்கிறியோ? எனக்குக் கொஞ்சம் நாள் தா.”

“சரி.”

“எத்தினை மணிக்கு நாளைக்கு?”

“ரெண்டு.”

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாட்டை டப்பாவில் போட்டுத் தந்தாள். இரண்டு டப்பா.

16 பெப்ரவரி, ஞாயிறு

பெரிய ஸ்னோ. முழங்கால் வரை. சனம் வராது என்று நினைத்தோம். வந்தார்கள். 4ஆம் படத்துப் பெண்கள் ஒரே குடைக்குள் வந்து, சட்டி பொங்கினது யார் பிழை என்று படத்துக்கு முன்னால் நின்று சண்டை. நடேஜின் பேச்சு இரண்டே நிமிடம். டெஸ்மண்ட் பூனையைக் கொண்டுவர அனுமதி கேட்டான், கிடைக்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு அக்காவும் அத்தானும். கர்க்லாண்டிலிருந்து இரண்டு மணித்தியாலம் கார் ஓட்டி. அத்தான் நேரே போய் பிரேம்களைத் தட்டிப் பார்த்தார். அக்கா 17க்கு முன்னால் நின்றாள். கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி. மனு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவள் இங்கிலிஷில், மனுவிடம்தான் முதல் சொன்னாள்: படம் எடுக்கப் போறம் எண்டு தெரிஞ்சும் ரெண்டு பேருக்கும் ஒரு நல்ல சட்டை கிடைக்கேல்லையோ?

மனு: “இவன்தான் பெனியன் போதும் எண்டவன்.”

“இவன் அப்பிடித்தான்” என்றாள் அக்கா. பிறகு என்னிடம், தமிழில், மெதுவாக: “சிரிக்கிறாய் படத்திலை. இப்பிடிச் சிரிச்சு நான் எங்கட அல்பம் ஒண்டிலையும் காணேல்லை.”

 

இனி:

1. நாளைக்கு நித்திரை. போன் ஓஃப்.
2. டெஸ்மண்டின் அம்மாவுக்கு 11இல் ஒரு சின்னப் பிரதி. அவனே கேட்டான்.
3. அடுத்த சனி கர்க்லாண்ட், மனுவோடு, அக்கா கூப்பிட்ட சாப்பாட்டுக்கு. அவனுக்கு இறால் ஒத்துவராது. அக்கா சந்தைக்குப் போக முதல் சொல்ல வேண்டும்.
4. அம்மா. அக்கா சரி என்ற பிறகு. ஆனால் சொல்வது நான்தான், வேறு ஒருவரும் இல்லை.