அணைக்காத கம்ப்யூட்டர்

மதினி,

கம்ப்யூட்டர் பெட்டியின் முன்மூடியைப் பிடித்து இழுத்ததும் சாம்பிராணி வாசம் வந்தது. சூடான தூசியோடு கலந்து, மெல்லிசாக. பதறிப்போய்க் கையை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் விசிறியைப் பார்த்தேன். அதன் நடுவில் உங்கள் தலைமுடி சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்தது. என்னுடையதாக இருக்க வழியில்லை. எனக்கு முடி தோளைத் தாண்டாது. அதைச் சொல்லி நீங்கள் செய்யாத கேலியா?

கொஞ்ச நாளாகவே அந்த விசிறி டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. தென்காசியிலிருந்து பஸ் பிடித்து மேலகரத்தில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். இப்படியே விட்டால் விசிறி நின்றுவிடும், நின்றால் உள்ளே சூடேறி எல்லாம் கருகிப்போகும் என்று அண்ணனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "ஆஃப் பண்ணி, துடைச்சி, திரும்பப் போட்டிருதேண்ணே" என்றால், உங்கள் வீட்டுக்காரன் டீயை உறிஞ்சிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். நீங்கள் போனதிலிருந்து அது அணையவே இல்லை, மதினி. திரையில் உங்கள் விளையாட்டு லாரி புளியறை எல்லைச் செக்போஸ்ட்டில் அப்படியே நிற்கிறது. அங்கேயும் மழை. வைப்பர் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கிறது. ஆள் இல்லாத லாரியில் வைப்பர் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

இந்தக் கம்ப்யூட்டருக்கு முதல் காரணம் நான்தான். கேரளத்துப் பையன்கள் யாரோ ஒரு லாரி ஓட்டும் விளையாட்டுக்காக நம் மலைப்பாதையை அப்படியே செய்து இணையத்தில் போட்டிருந்தார்கள். செங்கோட்டை, புளியறை, ஆரியங்காவு என்று ஒரு வளைவு பாக்கியில்லை. சும்மா சிரிப்பதற்காகத்தான் என் போனில் அதைக் காட்டினேன். நீங்கள் சிரிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நீங்கள் போனைக் கீழே வைக்கவில்லை.

உங்கள் அப்பா வைக்கோல் லோடு ஏற்றிக்கொண்டு கேரளத்துப் புனலூர் வரை போய் வந்தவர். சின்ன வயதில் உங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் புளியறை வரை கூட்டிப் போவார். செக்போஸ்ட் வந்ததும் சித்தி வீட்டில் இறக்கிவிட்டு, அவர் மட்டும் அந்தப் பக்கம் போய்விடுவார். பொம்பளைப் பிள்ளை லாரியில் அதற்கு மேல் வரக் கூடாதாம். கல்யாணத்துக்குப் பிறகு பஸ்ஸிலும் ரயிலிலும் எத்தனையோ தடவை கேரளா போய் வந்தீர்கள். அதெல்லாம் சேர்த்தி இல்லை என்பீர்கள். "ஸ்டியரிங் நம்ம கையில இருக்கணும்ட்டி. இல்லன்னா அது போனதாவாது."

தென்காசியில் கம்ப்யூட்டர் கடைக்குப் போன அன்று சாரல் பிடித்திருந்தது. கடைக்காரத் தம்பி நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பையனுக்கா அக்கா?" என்றான். நான் அவசரமாகப் பேச்சை மாற்றப் பார்த்தேன். நீங்கள் குடையை மடக்கிக்கொண்டே, "எனக்குத்தான். பையன் கெடையாது. லாரி ஓட்டணும்" என்றீர்கள். அவன் பாவம், அவசர அவசரமாக நமக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

பெட்டிகளில் எனக்குக் கண்ணாடிக் கதவு வைத்த கேபினெட்தான் பிடித்திருந்தது. உள்ளே கலர் கலராக விளக்கு எரியும். "இது என்ன, கல்யாண வீட்டு சீரியல் செட்டா?" என்று நீங்கள் தள்ளி வைத்துவிட்டீர்கள். பிராசஸர் பற்றித் தம்பி வெகுநேரம் பேசினான். கடைசியில், கேபினெட்டோடு எஸ்.எம்.பி.எஸ். சும்மாவே வருகிறது என்றான். உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுப்பது அதுதான். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"இஞ்சின் பெருசு, சரி. டீசல் டேங்க் இத்துனூண்டு வச்சா, பாதி மலையில லோடோட நிக்கவா?"

"எல்லாத்தையும் லாரியாவே பாக்குதீயளே மதினி" என்றேன்.

"வேற என்னட்டி எனக்குத் தெரியும்?"

முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ்., அதற்குப் பிறகு மற்றது என்று தலைகீழாக ஆரம்பித்தீர்கள். மதர்போர்டில் சிக்கனம், ராமில் சிக்கனம். என் விளக்குகளில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அனுமதி, அதுவும் லாரியின் பின்விளக்கு மாதிரி சிவப்பு. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு என்று வந்ததும் உங்கள் சிக்கனமெல்லாம் பறந்துவிட்டது. அவன் காட்டிய முதல் கார்டையும் தள்ளினீர்கள், அடுத்ததையும் தள்ளினீர்கள்.

"மழை மழையாத் தெரியணும் தம்பி. வைப்பர் போட்டா கண்ணாடியில தண்ணி கோடா எறங்கும்லா, அது தெரியணும்."

அவன் உள்ளே போய் ஒரு நீளமான பெட்டியை எடுத்து வந்தான். நீங்கள் அதை மடியில் வைத்துக்கொண்டீர்கள். வீடு வரும்வரை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

அந்தக் கார்டுதான் நம் மானத்தை வாங்கியது. பூஜை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கேபினெட் நிற்க வேண்டும் என்று, தையல் டேப் வைத்து அளந்து வாங்கினோம். வெளியளவு கச்சிதம். உள்ளளவை யார் பார்த்தது? பாயை விரித்து, எல்லாவற்றையும் பரப்பி, ஒவ்வொன்றாகப் பூட்டி, கடைசியில் கார்டை வைத்தால் மூக்கு போய் முன்விசிறியில் இடிக்கிறது. நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீங்கள் கன்னத்தில் கை வைத்துக் கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு விசிறியைக் கழற்றி, சட்டத்துக்கு வெளிப்பக்கம் வைத்துத் திருகினீர்கள். அங்கே இருந்த தூசி வலை இடைஞ்சல் என்று அதைப் பிய்த்து ஓரமாகப் போட்டீர்கள்.

"தூசி உள்ள போகுமே மதினி."

"தெனம் தூத்துப் பெருக்கத்தான செய்யுதேன்? என் வீட்டுல என்ன தூசி கெடக்கு?"

நீங்கள் இருந்தவரை தூசி போகவில்லை. நீங்கள்தான் போயிருக்கிறீர்கள், இழை இழையாக.

சாரல் மாதங்களில் நம் பக்கம் துணியும் காயாது, தலையும் காயாது. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குள் உப்பு கூடக் கசியும். நீங்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். கேம் ஓடினால்தான் கம்ப்யூட்டரின் பின்னால் சூடான காற்று வரும். அதனால் எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று, ஆலையில் கணக்கு எழுதிவிட்டு வந்து படுத்திருக்கும் அண்ணனை எழுப்பி, மேசையில் மாட்டியிருந்த விளையாட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்வீர்கள். அவன் பயந்து பயந்து மாட்டுவண்டி வேகத்தில் மலை ஏற்றுவான். நீங்கள் பெட்டிக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து, சாம்பிராணிக் கரண்டியைப் பக்கத்தில் வைத்து, முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, "கியரை எறக்குங்க, இஞ்சின் மூச்சு வாங்குது" என்று சத்தம் போடுவீர்கள். அண்ணன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. உதிர்ந்த முடியும் சாம்பிராணிப் புகையும் முன்பக்க விசிறிக்குச் சுற்றிப் போனதை யார் கவனித்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நான் வந்திருந்தேன். திரையில், செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. உங்களுடையதும் நின்றது. அந்த மழையிலும் உங்களுக்கு வியர்த்தது. நெஞ்சை நீவிக்கொண்டே ஹேண்ட் பிரேக் போட்டீர்கள். நான் போன் போட்டு வரச் சொன்ன ஆட்டோ வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"ஆஃப் பண்ணிராதிய. இப்ப வந்துருதேன்."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் என் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் மதினி, இப்போதும் இருக்கிறது. அணைத்தால் ஒன்றும் அழிந்துபோகாது, நிறுத்திய இடத்தை விளையாட்டு தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். பிறகு எதற்கு அப்படிச் சொன்னீர்கள்? அந்த மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு, மின்சாரம் போகும்போதெல்லாம் இன்வெர்ட்டர் பக்கத்தில் போய் நிற்கிறானே. மலையில் மேகம் கறுத்தால் அவன் முகமும் கறுக்கிறதே. அந்தப் பெரிய பேட்டரியையும் நீங்கள்தானே அடம்பிடித்து வாங்கினீர்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொறுக்கமாட்டாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, ஆஃப் பண்ணாலும் லாரி அங்கனதான் நிக்கும். அது தானா சேவ் ஆயிரும். மதினிக்கும் தெரியும்."

அவன் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"எனக்கும் தெரியும்ட்டி. அவதான சொல்லித் தந்தா."

"தெரிஞ்சுமா இப்படி வச்சிருக்கே?"

"வந்துருதேன்னு சொன்னா. நான் ஆஃப் பண்ணா, அவ சொன்னது பொய்யாயிரும்லா."

நாட்டமே இல்லாமல் கிடக்கிறான், விவரம் தெரியாதவன் என்றெல்லாம் நான் நினைத்திருந்தேன். எல்லாம் தெரிந்துதான் காவல் இருந்திருக்கிறான். அந்த அறையில் இருந்தது கம்ப்யூட்டர் சூடு மட்டும் இல்லை என்று அப்போது தோன்றியது.

விசிறி மறுபடி தட்டியது, நின்றது, ஓடியது. இன்னும் எத்தனை நாள் தாங்கும்? நான் எழுந்துபோய் மேசை விசிறியைத் தூக்கி வந்தேன்.

"அணைக்காமலே பாக்குதேன். நீ டார்ச்சைப் பிடி."

பக்கக் கதவைத் திறந்து, மேசை விசிறியை உள்ளே காற்று போகும்படி திருப்பி வைத்தேன். முன்மூடியை இழுத்தேன். அப்போதுதான் அந்த வாசம் வந்தது. அண்ணனுக்கும் வந்திருக்க வேண்டும், டார்ச்சோடு இன்னும் கிட்டத்தில் குனிந்தான். விசிறியின் வயரை மட்டும் உருவி, நீங்கள் பூட்டிய திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே மற்றதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வைப்பர் நிற்கவில்லை. ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுகிறாயா என்று நீங்கள் திட்டியிருப்பீர்கள்.

முடியை வெட்ட மனசு வரவில்லை. ஊசியால் நெம்பி நெம்பி, இழை அறாமல் பிரித்து எடுத்தேன். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான், கையில் வாங்கவில்லை. "நீயே வச்சுக்க" என்றான். திருகாணி வந்த சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தூசி வலை மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. அதை வெளியே எடுத்து, பிறகு அங்கேயே திரும்பப் போட்டுவிட்டேன்.

விசிறி மறுபடி ஓடியபோது சத்தமே இல்லை. அண்ணன் குனிந்து காதை வைத்துக் கேட்டான். பின்பக்கம் போய்க் கையை நீட்டிப் பார்த்தான். சூடான காற்று வந்துகொண்டிருந்தது. கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.

கிளம்புகிற நேரம் சாரல் கொஞ்சம் விட்டிருந்தது. நான் செருப்பை மாட்டினேன். வழக்கமாக வாசலில் நின்று சொல்கிற வார்த்தை நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. அந்த வார்த்தை இந்த வீட்டில் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவள் நான். நீங்கள் போனதிலிருந்தே நான் அதைச் சொல்லாமல்தான் நழுவிக்கொண்டிருந்தேன். அண்ணன் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டேன்.

"ஏட்டி" என்று கூப்பிட்டான். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால், உள்ளறையில், உங்கள் வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது.

"சொல்லிட்டுப் போ."

"வாரேண்ணே" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன், மதினி. மழையானாலும் போகிறேன்.