பூட்ஸைக் கழற்றிய தலைவர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

உள்நாட்டுப் போரின்போது ஒருநாள் நம் வீட்டில் சாப்பிட்ட அந்தத் தலைவர் நல்லவரா? நேற்று இங்கே அவரைப் பற்றிய படம் பார்த்து வந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

அந்தப் படத்துக்கு, நூலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் அழைத்துப் போனாள். படத்தில் அவர் எந்த வீட்டுக்குள்ளும் பூட்ஸோடுதான் நுழைகிறார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன்.

"என்னக்கா, எல்லாரும் அழறாங்க, நீங்க சிரிக்கிறீங்க?"

நீ கரண்டியோடு வாசலை மறித்து, "தலைவர்னா உங்க படைக்கு. இப்பத்தான் வீடு துடைச்சேன், கழட்டிட்டு வாங்க" என்றதைச் சொன்னேன். ஓட்டை விழுந்த காலுறையோடு அவர் அடக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டதையும் சொன்னேன். அவரைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

உன் பழைய புடவையில் தைத்த கால்மிதி ஒன்று அனுப்பு. என் அறைக்கு யாரும் வருவதில்லை. இருந்தாலும் வாசலில் கிடக்கட்டும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்

மறுநாள்: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. மாலையில் அந்தப் பெண் முதல்முறையாக என் அறைக்கு வந்தாள். இங்கே யாரும் வாசலில் செருப்பைக் கழற்றுவதில்லை. அவள் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "நான் கழட்டிட்டுத்தான் வந்தேன்னு அம்மாகிட்ட மறக்காம எழுதுங்கக்கா" என்றாள்.