சூரை மீனும் ரசமணியும்

ஜூன் 8, ஞாயிறு

குடும்ப வரலாற்றில் முக்கியமான நாள் என்பதால் குறித்து வைக்கிறேன். ஐயப்பன்தாங்கல் பஸ் டிப்போ அருகே உள்ள சூப்பர் மார்க்கெட்டில், அலமாரி முன் வெகுநேரம் நின்று, எல்லாக் கோணங்களிலும் ஆராய்ந்து, டின்னில் அடைத்த சூரை மீன் ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தேன். பில் போட்ட பெண்ணின் முகத்தில் சலனமே இல்லை.

காரணம் மதிவதனி. ஐந்தாம் மாதம். மீன் இல்லாத ஞாயிற்றை ஞாயிறு என்றே ஒப்புக்கொள்ளாத என் மனைவி, இப்போது பக்கத்து வீட்டில் மீன் வறுத்தாலே வாந்தி எடுக்கிறாள். எடை ஏறவில்லை. போன முறை டாக்டரம்மா எடைக் கருவியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

டின்னைத் திறந்தேன். வாடை அடிக்கவில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு கலந்து சப்பாத்தியில் சுருட்டிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். காத்திருந்தேன். வெளியே வரவில்லை.

“இன்னொன்னு கீதா?” என்று தட்டை நீட்டினாள்.

ஜூன் 9

காலையிலும் வாந்தி இல்லை. ஒரு பெட்டியே வாங்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

சூரையைப் பற்றிப் படித்தேன். பிறந்தது முதல் நீந்திக்கொண்டே இருக்குமாம். நின்றால் மூச்சு நின்றுவிடும். பெருங்கடலைக் குறுக்கே கடக்கும் அந்தப் பிராணி என் உள்ளங்கை அகல டின்னில் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுந்து நின்று திறக்க வேண்டும்போல் இருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த பக்கத்தில் பாதரசம். எரிமலை கக்கியதும் நாம் எரித்த நிலக்கரி விட்டதும் காற்றில் ஏறி, மழையில் இறங்கி, கடலில் கண்ணுக்குத் தெரியாத பாசிக்குள் போகிறது. பாசியைப் பூச்சி தின்ன, பூச்சியைச் சிறுமீன் தின்ன, சிறுமீனைச் சூரை தின்ன, ஒவ்வொரு வாயிலும் அது கூடிக்கொண்டே வருகிறது. இந்த வரிசையின் கடைசியில் இருப்பவன் மனிதன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை. மனிதருக்குள்ளே இன்னும் ஒருவர் இருக்கிறார். கடைசி வாய் அது. இன்னும் திறக்கக்கூட இல்லை.

வாரம் முழுக்க நாந்தானே ஊட்டுனேன்? ஏன் மொதல்லயே படிக்கல?

ஜூன் 17

டாக்டரம்மாவிடம் டின்னையே எடுத்துப்போய்க் காட்டினேன். “இது சின்ன வகை சூரை. வாரத்துக்கு ரெண்டு தடவை தாராளமா சாப்பிடட்டும். நீங்க படிக்கிறதக் கொறைங்க.”

எடை ஏறியிருக்கிறது.

அவளுக்கு வாரம் இரண்டு போக, பெட்டியில் மீதியைத் தினமும் நான் தின்று தீர்க்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பு.

ஜூன் 22, ஞாயிறு

செம்பரம்பாக்கத்திலிருந்து கன்னியப்பன் மாமா வந்தார். மதிவதனியின் தாய்மாமன். கூடப் பிறந்தவர்கள் இல்லாத அவளுக்கு எல்லாமே அவர்தான். பாதரசக் கதையைச் சொன்னேன். சிரித்தார்.

“இன்னா மாப்ளே, இம்மாம் படிச்சிகினு கீற? மீன்ல கீறது பச்சப் பாதரசம். இத்தப் பாரு, இது கட்டுனது.”

பையிலிருந்து ஒரு ரசமணி எடுத்தார். மூலிகைச் சாறு விட்டுப் பாதரசத்தை இறுக்கிச் செய்த உருண்டை. அவர் கழுத்திலும் ஒன்று தொங்குகிறது. ராத்திரி பாலில் போட்டுவைத்து, காலையில் அந்தப் பாலை மதிவதனி குடிக்க வேண்டுமாம். பிள்ளைக்கு ஒரு குறையும் அண்டாது.

“நான் பதினோரு வருசமா குடிக்கிறேன். எனக்கு இன்னா ஆயிப்போச்சி?”

வாங்கிப் பார்த்தேன். பட்டாணி அளவுதான், ஆனால் கை தாழ்ந்தது. எதற்கும் பிடிபடாமல் ஓடும் ஒன்றை யாரோ உட்கார வைத்திருக்கிறார்கள். நான் படித்தவன், வாய் பிளந்து நின்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

மதிவதனி அந்தப் பாலைத் தொடுவதில்லை. கொட்டவும் விடுவதில்லை. “மாமா ஆசையா குடுத்தது. நீங்க குடிங்க.” மாமா தினமும் ஃபோனில் கேட்கிறார், “குடிச்சாச்சா?” குடித்தாயிற்று என்கிறாள். யார் என்று அவர் கேட்பதில்லை. காலையில் பால், மதியம் சூரை. நான் செழிப்பாக இருக்கிறேன்.

மாலையில் என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு துள்ளல். “கெண்ட மீனு மாரி இல்ல?” என்றாள். இதைப் பற்றி எதுவும் படிக்கப் போவதில்லை.

ஜூலை 19, சனி

டாக்டரம்மா முன்னால் மதிவதனி என்னைக் கிண்டல் செய்தாள். “இவரு பாதரசப் பயத்துல என்னை வாரத்துக்கு ரெண்டு தபா மேல மீன் தின்ன வுடல டாக்டர். ஆனா டெய்லி பாதரசம் ஊறுன பால் குடிக்கிறாரு.”

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். சிரிப்பார் என்று பார்த்தேன். மதிவதனியிடம் ஒரே கேள்வி: “நீ ஒரு வாயாவது குடிச்சியா?” இல்லை என்றாள். மறுபடி கேட்டார். இல்லை. பிறகு என்னிடம், “ரெண்டு கையையும் நீட்டுங்க. நடுங்குதான்னு பாக்கணும்.” நடுங்கவில்லை. இருவருக்கும் இரத்தப் பரிசோதனை. மணியை மூடிபோட்ட கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் கொண்டுவரச் சொன்னார்.

முடிவு வர ஐந்து நாள். இருக்கட்டும், எனக்கு எவ்வளவு வேணா இருக்கட்டும். அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு வரணும்.

ஜூலை 20

மாமா ஃபோனில் கத்தினார். “அந்த டாக்டரு நேத்து வந்தவ. இது சித்தரு காலத்து சமாச்சாரம்.” மதிவதனி ஃபோனை வாங்கினாள். “எம்புள்ளைய ஒன் மடில உக்கார வெச்சித்தான் காது குத்துவேன். மரியாதையா வந்து நீயும் ரத்தம் குடு.”

ஜூலை 24, வியாழன்

மதிவதனிக்கு அளவு சரியாக இருக்கிறது. குழந்தைக்குப் பயமில்லை என்றார் டாக்டரம்மா. எனக்கு இருக்க வேண்டியதைவிட அதிகம். பாலும் சூரையும் நிறுத்தம், மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை.

மாமா வெறும் கழுத்தோடு வந்து இரத்தம் கொடுத்தார். கை ஆடிக்கொண்டே இருந்ததால் ஊசி குத்தும்வரை நர்ஸ் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.