இறக்கையைத் தூக்கிப் பார்த்தவனுக்கு

மாமு,

இன்று காலை லோடு இறங்கும்போது ஒரு கோழியின் இறக்கையைத் தூக்கிக் கட்டைவிரலால் அழுத்தினேன். தோலுக்கடியில் காற்று நறநறத்தது. சிவந்து கறுத்து நீர் கசிந்த தோல், தொட்டதும் கையோடு வந்தது. கூண்டோடு திருப்பி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த நாற்றம் எழுந்ததுமே உன் நினைவு வந்துவிட்டது. இப்படியா உன்னை நினைப்பது என்று எனக்கே கூச்சமாக இருக்கிறது.

டோல்கேட் பக்கத்தில் கோழிக்கடை என் பெயரில், கத்தி உன் கையில். லோடு வந்தால் நான் டீ குடிக்கப் போய்விடுவேன். நீ ஒவ்வொரு கோழியாக இறக்கையைத் தூக்கிப் பார்ப்பாய். "இன்னா மாமு, கோழிக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று கிண்டல் செய்தால், "துன்றவன் பாக்க மாட்டான், நாமதான் பாக்கணும்" என்பாய்.

அந்த மழைக்கால ஞாயிற்றுக்கிழமை ஒரு கூண்டு முழுக்க இப்படித்தான் வந்தது.

"திருப்பி அனுப்பிடு மாமு. தோலே அழுகிக் கீது" என்றாய்.

வெளியே வரிசை நின்றது. "தோல உரிச்சிட்டா இன்னா தெரியப் போவுது? இன்னிக்கு தோல் இல்லாம மட்டும்தான்னு சொல்லிடலாம்" என்றேன். நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டாய். அதை எடுத்து உரித்தவன் நான்.

மறுநாள் மீன் விற்கும் அக்கா முந்தின நாள் வாங்கிய கறிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். கெட்டதை மூக்காலேயே கண்டுபிடிப்பவள். "இன்னா நைனா இது? எம் புள்ளைங்களுக்கா இத்தக் குடுத்த?" தெருவே பார்த்தது. நான் உன் பக்கம் கையை நீட்டினேன்.

"இவன்தான்க்கா. மிஞ்சினத கழுவாம வெச்சிருந்து வெட்டிட்டான். கலீஜ் புடிச்சவன்."

நீ என்னைப் பார்த்தாய். ஒரு வார்த்தை மறுத்திருந்தால் என் கடை அன்றோடு படுத்திருக்கும். அது உனக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

அதன் பிறகு எந்தக் கறிக்கடையிலும் உன்னைச் சேர்க்கவில்லை. நான் சொன்ன சொல் உனக்கு முன்னால் வண்ணாரப்பேட்டை வரை போயிருந்தது. மூட்டை தூக்கப் போனாய். நெஞ்சுவலியில் நீ போன அன்று உன் வீட்டுக்கு வந்தேன். "வாண்ணா" என்று உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்ததை நீ அவளிடம்கூடச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானும் அவளிடம் சொல்லாமலே மூலக்கொத்தளம் இடுகாட்டில் மண் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒருமுறை பண்ணையில் பார்த்த கால்நடை டாக்டர் விளக்கிச் சொன்னார். நெருக்கமான கொட்டகையில் கோழிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது நகம் கீறும், தரை ஈரத்தில் கிடக்கும் கிருமி அந்தக் கீறல் வழியாக நுழைந்து தோலை அழுகவைக்கும் என்றார். கடைக்கு வருமுன்பே பிடித்த நோய். உன் கை சுத்தம் என்பது எனக்கு டாக்டர் சொல்லித்தானா தெரியவேண்டும்?

அந்த அக்கா இன்னமும் ஞாயிறுதோறும் வருகிறாள். "அவன் போனப்பறம்தான் நைனா உன் கட சுத்தமா கீது" என்பாள். இத்தனை வருஷமும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இன்றும் அதையே சொன்னாள். என் கட்டைவிரலில் காலை நாற்றம் போகாமல் இருந்தது. சொல்லிவிட்டேன் மாமு, உரித்தது நான், கத்தியைக் கீழே வைத்தவன் நீ என்று.

அவள் திட்டவில்லை. "அவன் உசுரோட இருக்கும்போதே சொல்லியிருக்கணும்" என்றாள். பிறகு பாத்திரத்தை நீட்டினாள்.

"தோல உரிக்காத. அப்படியே குடு. நான் பாக்கணும்."

நல்ல கோழியாகத்தான் எடுத்தேன். நீ தூக்குவது போலவே இறக்கையைத் தூக்கிக் காட்டினேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். பார்த்த பிறகும் அவள் குனிந்து முகர்ந்தாள்.