ரோட்டின் இடது ஓரம்

ஜூலை 7, திங்கள்
இடது கெண்டைக்கால் இன்றும் கல்லாக இறுகிக் கிடக்கிறது. காலையில் ரப்பர் மரம் சீவக் குனிந்தால் பிடிக்கிறது, நிமிர்ந்தாலும் பிடிக்கிறது. இருந்தும் சாயங்காலம் ஓடினேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலிலிருந்து செர்டாங் சாலை முனை வரை போய்த் திரும்புவது. வருடக்கணக்கில் அதே ரோடு, அதே வேகம். சிநேகிதி திலகா இங்கே இருந்தவரை பேசிக்கொண்டே ஓடுவோம், வலி தெரியாது. அவள் கல்யாணமாகி ஜித்ராவுக்குப் போன பிறகு என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டுக்கொண்டு ஓடுகிறேன். வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். அம்மா இல்லை, அண்ணன் ஜொகூரில்.

பால் நிறுக்கும் இடத்தில் ராக்காயி அக்கா, “யாரு தொரத்துறான்னு இப்படி ஓடுற உமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூலை 9, புதன்
திலகாவிடமிருந்து வாட்சப்பில் குரல் செய்தி. ஆகஸ்ட் கடைசியில் ஜித்ராவில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டமாம். எனக்கும் சேர்த்துப் பேர் கொடுத்துவிட்டாள். “வந்துருடி. முந்தி மாதிரி பக்கத்துல பக்கத்துல ஓடலாம்லா.”

அந்தக் குரலை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. கால் மட்டும் ஏமாற்றிவிடக் கூடாது. வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 16, புதன்
வலி கூடிவிட்டது. தைலத்தை அழுத்தித் தேய்த்ததில் இன்னும் மோசம். திலகாவிடம் சொன்னால், தினமும் ஒரே ஓட்டம் ஓடாதே, ஒரு நாள் மேட்டில் ஓடு, ஒரு நாள் சைக்கிள் மிதி, ஒரு நாள் சும்மா இரு என்கிறாள். அவளுக்கென்ன, அங்கே கூட ஓட ஒரு கூட்டமே இருக்கிறது.

சும்மா இருன்னா எங்க இருக்கிறது? வீட்டுக்குள்ள உக்காந்து செவுத்தப் பாத்துக்கிட்டா? அந்த ரோட்டையும் விட்டுட்டா எனக்குன்னு என்னதான் இருக்கு?

ஜூலை 24, வியாழன்
பக்கத்து மர நிரைக்குப் புதிதாக வந்திருக்கும் அழகேசன், நேற்று சீவிய மரத்தையே இன்றும் சீவிக்கொண்டிருந்தார். நேற்று பால் நன்றாக இறங்கியதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு நாள் வெட்டுனா ஒரு நாள் விடணும்ணே. தெனம் வெட்டுனா பட்டை காஞ்சிரும். அப்புறம் சொட்டுப் பால் வராது.”

சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே என் நிரைக்கு வந்தேன். பாதி வழியில் சிரிப்பு வந்தது. மரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த எனக்கு என் காலுக்குக் கொடுக்கத் தோன்றவே இல்லை.

இன்று ஓடவில்லை. சாயங்காலம் ரொம்ப நீளமாக இருந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் ஓட்டம். நடுவில் அண்ணனின் பழைய சைக்கிளில் செர்டாங் பாசார் வரை. நேற்று செம்பனைக் காட்டு மேட்டில் கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. ஆள் அரவமே இல்லை. பாம்புக்குப் பயந்து சத்தமாகப் பாடினேன். தொடை வலிக்கிறது, ஆனால் இது படுத்து எழுந்தால் போகிற வலி. கெண்டைக்கால் மட்டும் முழுசாக விடவில்லை.

ஓடுகிற சப்பாத்தைக் கழுவும்போது பார்த்தேன். இடது சப்பாத்தின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. ஏன்? நம் ரோடு நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. நான் போகும்போதும் இடது ஓரம், வரும்போதும் இடது ஓரம். நடு ரோடு திலகாவின் இடம். அவள் போன பிறகும் அந்த இடத்தை விட்டுவிட்டே ஓடியிருக்கிறேன்.

குழாயடியில் உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி
இத்தனை நாள் அந்த ரோட்டுக்கே போகாமல் மேட்டில்தான் ஓடினேன். கால் வலி இல்லை. நாளை மறுநாள் ஓட்டத்தை நினைத்தால் பயம்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
ஜித்ரா. திலகா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், பசியாறிட்டியா என்று கேட்டாள். அவள் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே நிறச் சட்டை. அவளுக்கும்.

கொஞ்ச தூரம் பக்கத்தில்தான் ஓடினோம். பேச முடியவில்லை. அவள் வேகம் மாறிவிட்டது. எனக்காகக் குறைத்துக் குறைத்து ஓடினாள். முன்னாலிருந்து அவர்கள் கூப்பிட்டார்கள்.

“போகட்டாடி?”

“போ. நான் வந்துர்றேன்.”

இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் வயல், வெயில். எங்கும் நிற்காமல் கடைசி வரை ஓடினேன். கால் என்னை ஏமாற்றவில்லை. முடிவில் தண்ணீரோடு காத்திருந்தாள், நல்லவள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து படத்துக்கு நின்றபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
மழை விட்டதும் பழைய ரோட்டுக்குப் போனேன். பழக்கத்தில் கொஞ்ச தூரம் இடது ஓரம். அப்புறம் நடுவுக்கு வந்தேன். அங்கே ரோடு சமமாக இருக்கிறது.