வயலில் இருப்பது கருஞ்சிறகனா?

மே 19

"டீச்சர், உக்காந்திருக்கிறப்ப ரெண்டு பறவையும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்று ஓராஸ் ஒருமுறை வகுப்பில் கேட்டான். ஒரே துணியில் தைத்த இரண்டு கோட்டு, உள்துணி மட்டும் வேறு என்றேன். சிறகின் அடிப்பக்கம் செஞ்சிறகனுக்குச் செம்பழுப்பு, கருஞ்சிறகனுக்குக் கறுப்பு.

அவன் இப்போது பண்ணை டிராக்டர் ஓட்டுகிறான். நான் இடுப்பெலும்பு முறிந்து ஜன்னலோரம் கிடக்கிறேன். எதிரே அலகோல் ஏரிக்கரை வயல், பறவைகள் முட்டையிட்டிருக்கின்றன.

"கருஞ்சிறகன் அரிய பறவை, அதுன்னா முதலாளி வயலை விட்டுடுவார். மத்ததுன்னா உழச் சொல்றார். நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்றான் ஓராஸ்.

மே 20

அந்தியில் ஆட்டுமந்தை திரும்பியது. அதன் காலடியில் கிளம்பிய பூச்சிகளுக்காகப் பறவைகள் மேலே சுற்றின. அடிச்சிறகு கறுப்பு! கருஞ்சிறகன்தான் என்று ஓராஸுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.

மே 22

நண்பகல். ஒரு பறவை ஜன்னலுக்கு மேலேயே திரும்பியது. சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு.

கருஞ்சிறகனுக்கு அது கிடையாது. அந்தி நிழலில் செம்பழுப்பும் கறுப்பாகத்தான் தெரியும் — எத்தனை வகுப்பில் நானே சொல்லியிருப்பேன்! ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மே 23

சொல்லவில்லை.

மே 24

மருமகள் மக்பாலிடம் மட்டும் சொன்னேன். "பேசாம இருங்கம்மா. பறவை வந்து புகார் குடுக்கப்போகுதா?"

பேசாமல் இருந்தால் முட்டைகள் பிழைக்கும். பிறகு ஒருநாள் நிஜமான கருஞ்சிறகன் வந்தால்? என் பேச்சை யார் நம்புவார்கள்? எழுந்திருக்கவும் முடியல, வாயத் திறக்கவும் முடியல. நான் என்னதான் பண்றது?

மே 25

ஓராஸிடம் சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்தான். "பரீட்சைலயும் இப்படித்தான். அரை மார்க் விட்டுத் தரமாட்டீங்க!" பிறகு மெதுவாக, "அப்ப நாளைக்கு உழணும்."

மக்பால் அவன் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றினாள். எங்களிடம் அதற்கு 'கிளம்பு' என்று பொருள்.

"விரட்டாத தங்கச்சி! கூடு எங்கெங்கன்னு தெரிஞ்சா சுத்திப் போயிடுவேன். டிராக்டர் மேல உக்காந்தா மண்ணும் முட்டையும் ஒண்ணாத் தெரியுது."

அவள் அடுப்புக்கு அடுக்கியிருந்த வறட்டிகளை எடுத்துச் சாக்கில் போட்டாள்.

மே 26

உழுதாகிவிட்டது. புரட்டிய மண்ணுக்கு நடுவே, மக்பால் கூட்டருகே வறட்டி நட்டு வைத்த இடங்கள் மட்டும் சின்னச் சின்னத் திட்டுகளாக நிற்கின்றன. சிலவற்றில் பறவை திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. சிலவற்றில் இல்லை. போய்ப் பார்க்க எனக்கு வழியில்லை.

இதை என்றாவது யாராவது படித்தால்: உச்சி வெயிலில் பாருங்கள். பறவை திரும்பும்போது முதலில் சிறகின் பின்விளிம்பு, அப்புறம் நிறம்.